எந்தப் பையை வாங்குவது? நியாய வணிகக் காபியும் நாலு தெரு தள்ளி வறுக்கிறவரும்

எங்கள் அலுவலகத்தில் மாதம் 10 கிலோ காபிக்கொட்டை தீரும். அதை வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த அன்றைக்கே கூட்டத்தில் ஒருவர், "விவசாயி வயித்துல அடிக்காத காபியாப் பார்த்து வாங்குங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் என் மேஜைமேல் மூன்று பைகள்.

முதல் பை பெரிய கம்பெனியுடையது. பளபளப்பான உறை. மூலையில் ஃபேர்ட்ரேட், அதாவது நியாய வணிக முத்திரை, கறுப்புக் கட்டத்துக்குள் நீலமும் பச்சையும். இரண்டாவது, நாலு தெரு தள்ளிச் சொந்தமாக வறுத்து விற்கும் கடையினுடையது. பழுப்புக் காகிதப் பை, வறுத்த தேதி பேனாவால் எழுதியிருந்தது, கீழே ஒரு விவசாயியின் சிரித்த முகம், 'நேரடிக் கொள்முதல்' என்று ஒரு வரி. மூன்றாவதும் சின்னக் கடைதான், கொஞ்சம் தூரம். சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடம் மட்டுமே கொட்டை வாங்குகிறவர். பையின் பின்புறம் சங்கத்தின் பெயர், அறுவடை ஆண்டு, ஓர் ஒப்பந்த எண்.

மூன்றையும் போட்டுக் குடித்துப் பார்த்தோம். இரண்டாவதும் மூன்றாவதும் ருசியில் முந்தின. முதல் பையில் எப்போது வரை கெடாது என்று போட்டிருந்தது. எப்போது வறுத்தது என்று போடவில்லை. ருசிப் பேச்சு இத்தோடு போதும், அது நாக்குக்கு நாக்கு மாறும். எந்தப் பையின் பணம் எந்தக் கைக்குப் போகிறது என்று பார்க்கப் போய்த்தான் எனக்கு ஒரு மாதம் ஓடியது.

முத்திரைக்குப் பின்னால் இருக்கிற கணக்கு

இந்த முத்திரை ஏன் வந்தது என்று தெரிந்தால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது பாதி விளங்கிவிடும். 1962-இல் சர்வதேசக் காபி ஒப்பந்தம் வந்தது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வைத்து, விலை ஒரேயடியாகச் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு குலைந்தது. கிடங்கில் கிடந்த கொட்டையெல்லாம் சந்தைக்கு வர, விலை பொத்தென்று விழுந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 1988 நவம்பரில், நெதர்லாந்துக் கடைகளில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற முத்திரையோடு ஒரு காபி விற்பனைக்கு வந்திருந்தது. மெக்சிகோவின் வஹாகா மலைப்பகுதியில் 'யுசிரி' என்ற பழங்குடி விவசாயிகள் சங்கத்தோடு வேலை செய்துவந்த டச்சுப் பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃபும், சாலிடாரிடாட் என்ற டச்சு உதவி அமைப்பைச் சேர்ந்த நிக்கோ ரோசனும் சேர்ந்து கொண்டுவந்தது. அந்த விவசாயிகள் நன்கொடை கேட்கவில்லை. தங்கள் கொட்டைக்குக் கட்டுப்படியாகும் விலையைக் கேட்டார்கள்.

1997-இல் பல நாடுகளின் முத்திரை அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஜெர்மனியின் பான் நகரில் பொது அமைப்பு ஒன்றை வைத்துக்கொண்டன. இப்போது நாம் பார்க்கும் முத்திரை 2002-இல் வந்தது. விதி சிக்கலானதில்லை. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் கொட்டைக்கு, கப்பலேற்றும் துறைமுகத்தில் பவுண்டுக்கு (சுமார் 454 கிராம்) 1.80 டாலருக்குக் குறைந்து கொடுக்கக் கூடாது. 2011 முதல் 1.40 ஆக இருந்ததை 2023 ஆகஸ்டில் இப்படி உயர்த்தினார்கள். இயற்கை முறையில் விளைந்ததென்றால் அதற்குமேல் 40 சென்ட். சந்தை விலை இதைவிடக் கூடுதலாக இருந்தால் சந்தை விலையைத்தான் கொடுக்க வேண்டும். இது போக, பவுண்டுக்கு 20 சென்ட் தனியாகச் சங்கத்துக்குப் போகும். அதில் 5 சென்ட்டாவது விளைச்சலையும் தரத்தையும் மேம்படுத்தச் செலவாக வேண்டும். மீதியைப் பள்ளிக்கூடத்துக்கா, சாலைக்கா, உலர்களத்துக்கா என்று சங்கத்தின் பொதுக்குழு கூடி முடிவுசெய்யும்.

சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம்வரை முன்பணத்துக்கும் வாங்குகிறவர் வழிசெய்ய வேண்டும். விளம்பரங்களில் யாரும் சொல்லாத விதி இது. என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமானது. பெரும்பாலான இடங்களில் காபி வருஷத்துக்கு ஒரு அறுவடை. வந்த பணம் தீர்ந்து, அடுத்த பழம் பழுக்காத மாதங்கள் இருக்கின்றனவே, அப்போதுதான் ஊர்த் தரகர் கையில் பணத்தோடு வாசலுக்கு வருவார். அவரிடம் கை நீட்டியவர் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே விளைச்சலைப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடுகிறார். சங்கத்தின் கையில் முன்பணம் இருந்தால் அந்தக் கை நீட்டலைத் தள்ளிப்போடலாம்.

இதையெல்லாம் எங்கள் அலுவலகக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 120 கிலோ வறுத்த கொட்டை. வறுக்கும்போது நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பங்கு எடை ஆவியாகப் போய்விடும். ஆகவே பச்சைக் கொட்டையாக ஏறத்தாழ 144 கிலோ. இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும் என்பதால், யாரோ சிலர் மலைச்சரிவில் நின்று 800 கிலோ பழத்தை ஒவ்வொன்றாகக் கையால் பறித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் சேர்த்து அந்த 20 சென்ட் வகையில் சங்கத்துக்குப் போவது வருஷத்துக்கு 63 டாலர். ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்று வைத்தால் கோப்பைக்கு ஒரு சென்ட்கூட முழுதாக இல்லை. குறைந்தபட்ச விலையையும் சேர்த்தால் கோப்பைக்கு சுமார் 8 சென்ட் துறைமுகம்வரை போகிறது. அதிலும் பதப்படுத்தும் செலவு, லாரி வாடகை, சங்கத்தின் கடன், கணக்கரின் சம்பளம் எல்லாம் கழிந்துதான் விவசாயியின் கைக்கு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

அதற்காக முத்திரை வெறும் ஸ்டிக்கர் என்று சொல்லிவிட முடியாது. 2001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் சந்தையில் காபி பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்போது நியாய வணிக விலை, கூடுதல் தொகையும் சேர்த்து 1.26 டாலர். அது இரண்டரை மடங்கு. மறுபடி 2018, 2019-இல் சந்தை ஒரு டாலருக்குக் கீழே இறங்கியபோது நியாய வணிக விலை 1.60. எங்கள் இரண்டு மூட்டைக்கே வித்தியாசம் 190 டாலர் வரும். விழும்போதுதான் வலையின் அருமை தெரியும்.

ஓட்டைகள்

முத்திரையை நம்பி வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலாவது, சான்று பெற்ற சங்கம் தன் முழு அறுவடையையும் நியாய வணிக விலைக்கு விற்பதில்லை. விற்க முடிவதில்லை, ஏனென்றால் அந்த விலைக்கு வாங்க ஆள் அவ்வளவு இல்லை. மீதி மூட்டைகள் சாதாரண விலைக்கே போகின்றன. ஆனால் தணிக்கைக்கும் சான்றிதழுக்கும் ஆகிற செலவு மொத்தமாகச் சங்கத்தின் தலையில். குவாத்தமாலாவின் கூட்டுறவுச் சங்கங்களின் பன்னிரண்டு வருஷக் கணக்கை அலெய்ன் டி ஜான்வ்ரியும் சக பொருளியலாளர்களும் ஆராய்ந்து, 2015-இல் வெளியிட்டார்கள். விலை நன்றாக இருக்கிறது என்று மேலும் மேலும் சங்கங்கள் சான்று வாங்க, ஒவ்வொன்றும் அந்த விலைக்கு விற்கிற பங்கு சுருங்கி, சான்றுச் செலவையும் கழித்தால் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

இரண்டாவது இன்னும் உறுத்துவது. லண்டனின் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் கூலியாட்களை விசாரித்து 2014-இல் ஓர் அறிக்கை தந்தார்கள். நியாய வணிகச் சான்று உள்ள இடங்களில் கூலிக்குப் பறிக்கிறவர்களின் ஊதியம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இல்லை. பல இடங்களில் குறைவாகவே இருந்தது. சங்க உறுப்பினர் என்றால் சின்னதாகவாவது நிலம் வைத்திருப்பவர். அவர் நிலத்தில் அறுவடைக்கு வருகிறவருக்கு நிலம் இல்லை, சங்கத்தில் ஓட்டும் இல்லை. அந்த 800 கிலோவைப் பறித்த விரல்கள் பெரும்பாலும் இவர்களுடையவை.

மூன்றாவது, எல்லா முத்திரையும் ஒன்றில்லை. தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரைக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒன்று கிடையாது; அதன் அக்கறை பெரும்பாலும் சுற்றுச்சூழலும் பண்ணை நடைமுறையும். ஃபேர் ட்ரேட் யூஎஸ்ஏ 2011 முடிவில் சர்வதேச அமைப்பிலிருந்து பிரிந்துபோய், பெரிய எஸ்டேட்டுகளின் காபிக்கும் சான்று கொடுக்கத் தொடங்கியது. சர்வதேச அமைப்பில் இன்றும் காபிக்குச் சிறு விவசாயிகள் சங்கங்கள் மட்டும்தான். சிறு விவசாயிகளே சொந்தமாக வைத்திருக்கும் முத்திரையும் ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்கச் சங்கங்கள் 2006-இல் தொடங்கிய 'சிறு உற்பத்தியாளர் சின்னம்'. தங்கள் பெயரில் யார் யாரோ சான்று கொடுக்கிறார்களே என்ற எரிச்சலில் பிறந்தது என்று நினைக்கிறேன்.

நேரடி என்றால் எவ்வளவு நேரடி?

இப்போது இரண்டாவது பை. 'நேரடிக் கொள்முதல்' என்ற பேச்சு 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இன்டெலிஜென்சியா, கவுன்டர் கல்ச்சர், ஸ்டம்ப்டவுன் போன்ற கம்பெனிகள் மூலம் பரவியது. சான்றிதழுக்குப் பதில் நாங்களே போய்ப் பார்த்து, நல்ல கொட்டைக்கு நல்ல விலை கொடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் விஷயம் இருக்கிறது. நியாய வணிக விலை தரத்துக்குத் தனி மரியாதை செய்வதில்லை. தலைசிறந்த கொட்டைக்கும் சுமாரான கொட்டைக்கும் அதே 1.80 தான் தரை. தரத்துக்கு விலை வைக்கிறவர் அதைவிட இரண்டு மடங்கும் கொடுக்கலாம். கவுன்டர் கல்ச்சர் தான் வாங்கிய விலைகளைப் பட்டியலிட்டு ஆண்டறிக்கையே வெளியிட்டுவந்தது. அப்படிச் செய்கிற இடத்தில் எனக்கு ஒரு முறையீடும் இல்லை.

ஆனால் அந்த வார்த்தைக்குச் சட்டமோ தணிக்கையோ எதுவும் காவலுக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் பையில் அச்சடிக்கலாம். நாலு தெரு தள்ளி இருக்கிற கடைக்குப் போய்க் கேட்டேன்.

"இந்தக் கொட்டைக்கு விவசாயிக்கு என்ன விலை போச்சுங்க?"

"நல்ல விலை சார். மார்க்கெட்டைவிடக் கூடத்தான் கொடுக்கிறோம்."

"எவ்வளவு கூட?"

"அது இறக்குமதி பண்றவருக்குத்தான் கரெக்டாத் தெரியும். நான் அவர்கிட்ட மூட்டையா எடுக்கிறேன்."

"போட்டோவில இருக்கிறவர்கிட்ட வாங்கினதா?"

அவர் பையைத் திருப்பிப் பார்த்தார். "அவங்க அனுப்பின படம் சார். அந்த ஊர்க்காரர்தான்."

பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். அவருக்கும் அந்த விவசாயிக்கும் நடுவில் ஓர் இறக்குமதியாளர், ஓர் ஏற்றுமதியாளர், ஓர் ஆலை. நேரடி என்பதில் நேர் கொஞ்சம் வளைந்திருந்தது.

ஊருக்குச் செய்வதும் விலை கொடுப்பதும்

இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். ஏனென்றால் அந்த மனிதர் நல்லவர். அவர் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் படிப்பை நடுவில் விட்டவர்கள். மெஷின் பக்கத்தில் நிறுத்தி, கொட்டை வெடிக்கிற முதல் சத்தத்தை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று இவரே கற்றுக்கொடுத்திருக்கிறார். காலிச் சாக்குகளைத் தோட்டம் போடுகிறவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். வறுக்கும்போது உதிரும் தவிடும் காபிச் சக்கையும் உரத்துக்குப் போகிறது. ரத்த தான முகாம் என்றால் அன்றைக்குக் காபி இவர் கணக்கு. மாலையில் கடையைச் சாத்திய பிறகு வாசகர் கூட்டத்துக்கு நாற்காலி போட்டு வைக்கிறார். எங்கள் 120 கிலோவுக்காக முத்திரை வழியே சங்கத்துக்குப் போகிற 63 டாலரைவிட இவர் இந்த ஊருக்குச் செய்வது நிச்சயம் அதிகம்.

அலுவலகத்தில் பலர் இதைத்தான் சொன்னார்கள். "கண்ணுக்குத் தெரியாத விவசாயிக்கு எத்தனை சென்ட் போகுதுன்னு ஆராய்ச்சி பண்றீங்க. கண்ணெதிர்ல நல்லது பண்றவரை விட்டுடறீங்களே?" நியாயமான கேள்வி. எனக்கும் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது.

பதில் இதுதான். ஊருக்குச் செய்வது கடைக்காரரின் லாபத்திலிருந்து வருகிறது. கொட்டையை எவ்வளவு மலிவாக வாங்குகிறாரோ அவ்வளவுக்கு அந்த லாபம் கூடும். அப்படியானால் ரத்த தான முகாமில் நாம் குடிக்கிற இலவசக் காபிக்கு, யாரென்றே தெரியாத ஒரு விவசாயி பணம் கட்டியிருக்கவும் கூடும். கட்டியிருக்கிறார் என்று சொல்லவில்லை. கட்டவில்லை என்று தெரியாது, அவ்வளவே. தர்மம் கண்ணுக்குத் தெரியும், கொள்முதல் விலை தெரியாது. அதனால் தெரிகிற ஒன்று தெரியாத ஒன்றுக்கும் சேர்த்து நற்சான்று வாங்கிக்கொள்கிறது. யுசிரி விவசாயிகள் நன்கொடைக்குப் பதில் விலையைக் கேட்டது இந்த வித்தியாசம் தெரிந்துதான். நன்கொடை கொடுப்பவர் மனம் வைத்தால் வரும். விலை ஒப்பந்தத்தில் இருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். முதல் பையின் பெரிய கம்பெனி விவசாயிக்கு விதிப்படி விலை கொடுக்கிறது. ஆனால் என் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, நிலைத்த வளர்ச்சியில் தங்களுக்குள்ள அக்கறையைப் பற்றி நாலு பத்தி வந்தது. அந்த முத்திரை அவர்கள் விற்கும் காபியில் எத்தனை பங்குக்கு இருக்கிறது என்ற கேள்வி அந்த நாலு பத்தியிலும் தென்படவில்லை. ஒரு கம்பெனி பத்து வகைக் காபி விற்று ஒன்றில் மட்டும் முத்திரை போட்டால், அந்த ஒன்று நேர்மையானதுதான். மற்ற ஒன்பதின் விலை என்ன என்பதை அந்தப் பை சொல்லாது.

ஆக, கடைக்காரர் பக்கத்தில் இருப்பதன் முழுப் பலனும் சாக்கு இலவசமாகக் கிடைப்பதில் இல்லை. முகத்துக்கு நேரே கேட்கலாம், பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் கேட்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 'உள்ளூர்க் காபி' என்று பையில் போடுவது பெரும்பாலும் உள்ளூரில் வறுத்ததைத்தான். காபிச் செடி வெப்ப மண்டலத்தில்தான் வளரும். விளைகிற நாட்டிலேயே கடை வைத்திருப்பவரிடம்கூட, பறித்தவருக்கு என்ன போனது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

மூன்றாவது பை

சின்னக் கடைக்காரருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு சிறிய கான்டெய்னரே சுமார் 19 டன் பிடிக்கும். 60 கிலோ மூட்டையாக 300-க்கும் மேல். மாதம் பத்து மூட்டை வறுக்கிறவர் அதைத் தனியாக இறக்கினால் இரண்டரை வருஷம் பழைய கொட்டையை வறுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் தரகரிடம் மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். அதனால்தான் விலை தெரியாமல் போகிறது.

இதற்கு ஒரு தீர்வைச் சில வறுப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கோவாப்பரேட்டிவ் காஃபீஸ்' அப்படியொன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சின்ன வறுப்பவர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் இறக்குமதிக் கூட்டுறவு. எல்லாரும் சேர்ந்து கான்டெய்னர் இறக்கி, விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்தே ஒப்பந்தம் போடுகிறார்கள். அதற்கும் முந்தியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 'ஈக்வல் எக்ஸ்சேஞ்ச்'. 1985-இல் அமெரிக்க அரசு நிகரகுவாவோடு வணிகத் தடை போட்டிருந்த காலத்தில், 1986-இல் தொடங்கி, நிகரகுவாக் காபியையே முதல் சரக்காகக் கொண்டுவந்து விற்றவர்கள். வேலை செய்கிறவர்களே முதலாளிகள். ஆளுக்கு ஒரு ஓட்டு. காபியைத் தேவாலயங்கள், நுகர்வோர் கூட்டுறவுகள் வழியே விற்று வளர்ந்தார்கள். ஊர்த் தொடர்பும் விவசாயி விலையும் ஒரே வலையில் கோத்திருக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி.

எனது மூன்றாவது கடைக்காரர் இந்த வகை. பெரிய பேச்சாளர் இல்லை. விலையைக் கேட்டதும் மெஷினை அணைத்துவிட்டு உள்ளே போய், காபித் தூள் படிந்த கணக்குக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒப்பந்தத் தாளில் மூட்டை எண்ணிக்கை, பவுண்டுக்கு விலை, இயற்கை விளைச்சலுக்கான கூடுதல், சங்கத்துக்கான 20 சென்ட், முன்பணம் போன தேதி, எல்லாம் வரி வரியாக இருந்தன. அதே சங்கத்தோடு ஏழு வருஷத் தாள்கள். எனக்கு விலையைவிட அந்த ஏழு பெரிதாகப் பட்டது.

ஏன் என்று சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 1.80 என்ற தரை எங்கோ கீழே கிடந்தது, முத்திரைக்கு அங்கே வேலையே இல்லை, 20 சென்ட்டைத் தவிர. இப்படி விலை ஏறும்போது கஷ்டப்படுவது சங்கம்தான். முன்பு பேசிய விலைக்கு ஒப்பந்தம் இருக்கும். உறுப்பினர் வாசலில் தரகர் அதைவிடக் கூடுதலாக ரொக்கத்தோடு நிற்பார். கொட்டை அந்தப் பக்கம் போய்விடும். சங்கத்தால் கான்டெய்னரை நிரப்ப முடியாது. ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்க வந்தவர் அபராதம் கேட்பார். ஏழு வருஷமாக வாங்குகிறவர் உட்கார்ந்து பேசி விலையை மாற்றி எழுதுவார். 2012–13 அறுவடையில் மத்திய அமெரிக்காவை இலைத்துரு நோய் புரட்டிப்போட்டபோதும் இதே கதைதான். செடியே பட்டுப்போனவருக்குக் குறைந்தபட்ச விலை என்ன செய்யும், விற்க மூட்டை இருந்தால்தானே?

குறை இல்லாமல் இல்லை. இவரிடம் நாலே வகைக் கொட்டை. சங்கத்தில் அறுவடை பிந்தினால் ஒரு வகை மாதக்கணக்கில் இராது. கிலோவுக்கு விலையும் மூன்றிலேயே இவரிடம்தான் அதிகம். கூலியாட்களைப் பற்றிக் கேட்டபோது, "பறிக்கிறவங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு எனக்குத் தெரியாது சார். சங்கத்துக்கிட்டக் கேட்டிருக்கேன். ஒவ்வொருத்தர் நிலத்திலயும் ஒவ்வொரு மாதிரின்னாங்க" என்றார். சோவாஸ் அறிக்கை என் ஞாபகத்துக்கு வந்தது. முத்திரையால் எட்ட முடியாத இடத்தை இவர் கோப்பாலும் எட்ட முடியவில்லை.

கடைசியில் என்ன செய்தோம்

மாத வாடிக்கை மூன்றாவது கடைக்கு. கூடுதலாக ஆகும் செலவை ஈடுகட்ட, வீணாகக் காய்ச்சிக் கொட்டுகிற மாலைக் காபியை நிறுத்தினோம். இதற்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது, விவசாயி விலைக்கு இல்லை. கஃபீன் நீக்கிய காபி குடிக்கிறவர் இருவர் உண்டு. அது இவரிடம் கிடையாது என்பதால் அதற்கு மட்டும் முத்திரை போட்ட பெரிய கம்பெனிப் பை.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம். அவசரமாகக் கடை அலமாரியிலிருந்து எடுத்துப் போகிறவருக்கும், யாரையும் கேட்க நேரமில்லாதவருக்கும் ஃபேர்ட்ரேட் முத்திரைதான் சரி. உங்களுக்குப் பதிலாகத் தணிக்கையாளர் கேட்டுவிட்டார் என்று அர்த்தம், காபியைப் பொறுத்தவரை பையில் இருப்பதும் சான்று பெற்ற அதே கொட்டைதான். கோகோவிலும் சர்க்கரையிலும், சான்று பெறாததோடு கலந்தாலும் கணக்கில் ஈடுகட்டினால் போதும் என்று விட்டிருப்பது போல இதில் இல்லை. உணவகமோ காபிக் கடையோ நடத்துகிறவர் என்றால் ஒருநாள் மெனக்கெட்டு உங்களுக்கு வறுத்துக் கொடுப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: துறைமுகத்தில் பவுண்டுக்கு என்ன விலை, யாரிடம், எத்தனை வருஷமாக. "நல்ல விலை" என்பது பதில் இல்லை. எண் வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அது போல.

நாலு தெரு தள்ளி இருக்கிறவரிடம் நான் இதையே சொல்லிவிட்டு வந்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. இறக்குமதியாளரிடம் கேட்கிறேன் என்றார். சொன்னவர்கள் எத்தனையோ பேர் என்று நானும் மறந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார். கல்லாவுக்கு மேல் ஒரு தாளை ஒட்டியிருந்தார். அவர் விற்கும் ஆறு வகையில் இரண்டுக்குச் சங்கத்தின் பெயரும் துறைமுக விலையும் இருந்தன. இரண்டுமே நியாய வணிக விலைக்கு மேல். மூன்றாவதுக்கு அன்றைய சந்தை விலை மட்டுமே போயிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். மீதி மூன்றுக்கு எதிரே வெறும் கோடு.

நான் முன்பு வாங்கிய பழுப்புப் பையை எடுத்துப் பார்த்தேன். சிரித்த முகத்தைக் காணோம்.

"இந்தக் கொட்டைக்கு விலை கிடைக்கல சார். கேட்டுக்கிட்டே இருக்கேன். கிடைக்கிறவரைக்கும் படம் வேண்டாம்னு எடுத்துட்டேன்" என்றார்.

விலை எழுதியிருந்த இரண்டில் ஒன்றை அரைக் கிலோ போடச் சொன்னேன்.